அழிந்த நினைவுச்சின்னங்களும் போர்க்காலக் குடும்பங்களும்: முதல் உலகப்போரின் மேற்குமுனை அஞ்சலட்டைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
பழைய பட அஞ்சலட்டையின் ஒரு பக்கம் கட்டட வரலாற்றுக்கும் மறுபக்கம் குடும்ப வரலாற்றுக்கும் சான்றாகிறது. இரு பக்கங்களையும் தனித்தனியே நோக்கினால் இரு வரலாறுகளும் குறைபடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சலட்டை, நினைவுச்சின்னம், முதல் உலகப்போர், தணிக்கை, ஆவணப்படுத்தல்

முன்னுரை
அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் அறிமுகமானது. தொடக்கத்தில் அதன் ஒரு பக்கம் முகவரிக்கே உரியதாக இருந்தது. ஆதலால் பட அட்டைகள் வந்தபோது, செய்தியைப் படத்தின் ஓரத்தில் எழுத நேர்ந்தது. பிரிட்டன் 1902இலும் பிரான்சு 1903இலும் ஜெர்மனி 1905இலும் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பகுத்து, செய்திக்கும் இடமளித்தன. முன்புறம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. 1914இல் போர் மூண்டபோது மக்களின் கையில் இருந்தது இவ்வடிவமே.

முன்புறம்: கட்டடச் சான்று
வடபிரான்சில் உள்ள கூசி-லெ-ஷாத்தோ கோட்டையின் தலைமைக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஏறத்தாழ 54 மீட்டர் உயரமுடையது. 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதனை வெடிவைத்துத் தகர்த்தது. அக்கோபுரம் மீண்டும் எழுப்பப்படவில்லை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத் துணி வணிக மண்டபம் 1914 நவம்பர் 22 அன்று குண்டுவீச்சில் தீக்கிரையாயிற்று. அதன் மறுகட்டுமானம் 1967இல் நிறைவுற்றது. முன்னதற்குப் போருக்கு முந்தைய அட்டை, மறைந்த உருவத்தைக் காட்டும் சான்று. பின்னதற்கோ, பழைய கட்டடத்தையும் புதியதையும் ஒப்பிட உதவும் சான்று.

புகழ்பெற்ற கட்டடங்களுக்கு ஓவியங்களும் அளவை வரைபடங்களும் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருந்த கடைவீதி, விளம்பரப் பலகை, எளிய வீடு ஆகியவற்றைப் பிறர் பதிவுசெய்வது அரிது. அஞ்சலட்டையின் தனிச்சிறப்பு இங்கேயே மிகுதியும் வெளிப்படுகிறது.

எனினும், படம் எடுத்த காலம், அட்டை அச்சான காலம், அஞ்சலில் சேர்த்த காலம் ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம். கட்டடம் இடிந்த பின்னரும் அது முழுமையாக நிற்கும் பழைய அட்டையை ஒருவர் அனுப்பியிருக்கக்கூடும். எனவே அஞ்சல் முத்திரையின் நாளைப் படத்தின் நாளாகக் கொள்ளலாகாது. வண்ண அட்டைகள் பலவும் கருப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னர் நிறமூட்டியவை. கல்லின் நிறத்துக்கு அவை சான்றாகா.

பின்புறம்: குடும்பச் சான்று
பிரெஞ்சு, ஜெர்மானியப் படைவீரர்கள் தபால் கட்டணமின்றி வீட்டுக்கு அட்டை எழுதலாம். ஆனால் தாம் இருக்கும் இடத்தைக் குறிப்பிடலாகாது. படத்தின் கீழ் அச்சிட்ட ஊர்ப்பெயரையே தணிக்கையாளர் அழித்த அட்டைகளும் உண்டு. பிரிட்டானியப் படையில் வழங்கிய ஓர் அச்சட்டையில், நலமாக இருப்பதாகவும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் வாக்கியங்கள் முன்னரே அச்சிடப்பட்டிருந்தன. வேண்டாதவற்றை அடித்துவிட்டு நாளும் கையொப்பமும் இடலாம். வேறு எதையேனும் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. இத்தகைய அட்டையைப் பெற்ற வீட்டாருக்கு, அதிலிருந்த கையெழுத்தே மகனோ கணவனோ அந்நாள்வரை உயிருடன் இருந்தான் என்பதற்கு அடையாளம்.

ஆகவே பின்புறச் செய்தியின் சுருக்கத்தை அன்பின் குறைவாகக் கருதுதல் பொருந்தாது. தணிக்கையும் இடக்குறைவும், வீட்டாரை அச்சுறுத்தலாகாது என்னும் எண்ணமும் அச்சொற்களை அளவிட்டன. மேலும், வீட்டுக்கு வந்த அட்டைகளைப் பேணிவைக்க முடிந்தது. பதுங்குகுழியில் வீரர் பெற்றவை பெரும்பாலும் அழிந்தன. இதனால் எஞ்சிய தொகுப்புகளில் பெண்களின் குரல் குறைவாகவே ஒலிக்கிறது. அக்குறைவு பேணப்பட்ட முறையால் நேர்ந்தது. அவர்கள் எழுதாமையால் நேர்ந்ததன்று.

முடிவுரை
தொகுப்பேடுகளில் ஒட்டப்பட்ட அட்டைகளில் படம் தெரிகிறது, எழுத்து மறைகிறது. படப்பக்கத்தை மட்டும் மின்னுருவாக்கினாலும் இதே இழப்பு நேரும். அட்டைக்கு உரிய மூன்று காலங்களையும் தனித்தனியே குறித்து, இரு பக்கங்களையும் ஒரே பதிவில் இணைத்துப் பேணுதல் வேண்டும். அவ்வாறு பேணினாலன்றி, இழந்த கோபுரத்தின் படத்தை எவர் எவருக்கு, எந்நிலையில் அனுப்பினார் என்பதை அறிய இயலாது.