நிலம் இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு!
சின்ன மண் அணை செய்த பெரிய காரியம்

சண்டிகார் நகரில் ஓர் அழகான ஏரி இருக்கிறது. அதன் பெயர் சுக்னா. 1958-ம் ஆண்டில், ஓர் ஓடையை மறித்து அந்த ஏரியை உண்டாக்கினார்கள்.

சில ஆண்டுகளிலேயே ஏரிக்கு ஆபத்து வந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மலையில் இருந்து மண் அடித்து வரப்பட்டு, ஏரி தூர்ந்துகொண்டே போனது.

அந்த மண் எங்கே இருந்து வந்தது?

மொட்டை மலை

மண் வளப் பாதுகாப்பு நிலையத்தார் தேடிப் போனார்கள். சிவாலிக் மலை அடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்ற குக்கிராமம் இருந்தது. (இப்போது அது அரியானா மாநிலம், பஞ்ச்குலா மாவட்டத்தில் உள்ளது.) மலையில் மரங்களை வெட்டி விட்டார்கள். மிஞ்சிய புல்லையும் தழையையும் ஆடுமாடுகள் மேய்ந்து விட்டன. மொட்டை மலையில் மண் நிற்குமா?

"மலையில் மேய்க்காதீர்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் அவர்களுக்குப் பிழைப்பே ஆடுமாடுதான். நிலம் வைத்திருந்தவர்களும் வானத்தை நம்பியே பயிர் செய்தார்கள்.

அணை வந்தது

பி. ஆர். மிஸ்ரா என்ற அதிகாரி ஒரு வழி கண்டார். 1976-ம் ஆண்டில், ஊருக்கு மேலே ஓடையின் குறுக்கே சிறிய மண் அணை எழுந்தது. மழை நீர் தேங்கியது. குழாய் வழியாக வயலுக்குப் பாய்ந்தது.

மண் அணைக்கு ஓர் எதிரி உண்டு. கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால், கரையை அறுத்து விடும். அதனால்தான் மிகுதி நீர் வெளியேற ஒரு பக்கத்தில் தனி வழி வைப்பார்கள். நம் ஊர் ஏரிகளில் அதைத்தான் கலிங்கு என்கிறோம்.

"எங்களுக்கு என்ன லாபம்?"

அணைக்குக் கீழே நிலம் இருந்தவர்களுக்கே முதலில் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "நாங்கள் ஏன் மேய்ச்சலை விட வேண்டும்?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது.

ஊரார் கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு! நிலம் இல்லாத குடும்பத்துக்கும் உண்டு. அந்தப் பங்கை அவர்கள் விற்றுப் பணமாக்கலாம். அதற்கு ஈடாக, யாரும் மலையில் கால்நடைகளை அவிழ்த்து விடக் கூடாது. இதைக் கவனிக்க ஒரு சங்கமும் அமைத்தார்கள்.

முள் வேலி இல்லை, காவல்காரரும் இல்லை. ஊரின் சொல்லே வேலி ஆயிற்று!

மலை பசுமையானது

புல் வளர்ந்தது. அதை அறுத்து வந்து தொழுவத்தில் போட்டார்கள். ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின. பால் விற்பனை கூடியது. கயிறு திரிக்கவும், காகித ஆலைக்கும் உதவும் பாபர் புல்லும் காசு கொடுத்தது. சுகோமாஜ்ரி பக்கம் இருந்து ஏரிக்கு வந்த மண்ணும் பெருமளவு குறைந்தது.

மலையைக் காத்தது வெறும் மண் கரை அல்ல. தண்ணீரைப் பங்கிட்ட முறைதான். நிலம் இல்லாதவரை விட்டுவிட்டுப் பங்கு போட்டிருந்தால், அவருடைய ஆடுகள் மறுபடி மலை ஏறி இருக்கும். அணையும் மண் மூடிப் போயிருக்கும்.