கதிரின் எண்ணிக்கையும் மணியின் எடையும்

2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அவ்வருஷத்துக் கோதுமை மகசூல் ஏறக்குறைய 11 கோடியே 13 லட்சம் டன் ஆகும் என்று உத்தேசம் வெளியிட்ட மத்திய வேளாண் அமைச்சகம், 1901-க்குப் பிறகு இந்தியா கண்டிராத வெப்பத்தோடு வந்த மார்ச் மாதம் கழிந்தபின், மே மாதத்தில் அதனை 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அதே மாதம் 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கும் தடை வந்தது. செயற்கைக்கோள்களும் புள்ளியியல் நிபுணர்களும் கைவசமுள்ள சர்க்காரின் கணிப்பே இவ்வாறு மாறுமானால், வரப்பில் நின்று பயிரைப் பார்த்த மாத்திரத்தில் கடனையும் கல்யாணத்தையும் நிச்சயித்துவிடும் ஹரியானாவின், மத்தியப் பிரதேசத்தின் குடியானவர் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கோதுமை மகசூல் மூன்று விஷயங்களின் பெருக்கம்: சதுர மீட்டருக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, ஆயிரம் மணிக்கு எத்தனை கிராம். முதலிரண்டும் பூக்கும் பருவத்தோடு பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. மூன்றாவதோ, மணி பால் பிடித்து முற்றுகிற கடைசிச் சில வாரங்களில்தான் உருவாகிறது. 400 கதிரும், கதிருக்கு 35 மணியும் உள்ள வயலில் ஆயிரம் மணி 40 கிராம் எடை நின்றால் ஹெக்டேருக்கு 56 குவிண்டால் தேறும். வெப்பத்தில் மணி சூம்பி அது 34 கிராமாக இறங்கினால் 47 குவிண்டால் சொச்சமே மிஞ்சும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வயலும் ஒன்றாகவே தோன்றும்.

ஆகையால் மதிப்பிட விரும்புபவர் உள்ளே இறங்கி, நல்லது கெட்டது என்று பொறுக்காமல் வெவ்வேறு இடங்களில் ஒரு சதுர மீட்டர் அளந்து கதிர்களை எண்ணி, சில கதிர்களை உதிர்த்து மணிகளை எண்ணி, கதிர் முற்றியபின் மணியின் எடையும் பார்க்க வேண்டும். இலையில் விரலைத் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டுகிறதா என்று துரு நோயையும் கவனிக்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் தாராளமாகக் கிடைக்கிற ஓரத்துச் செடிகளைக் கணக்கில் சேர்க்கலாகாது. சோதனைக்காக அறுக்கும் துண்டு மிகச் சிறியதாயின் விளிம்புக் கதிர்கள் உள்ளே சேர்ந்து மகசூலை மிகைப்படுத்தும் என்பது, புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே 1940-களில் வற்புறுத்திய உண்மை.

மணியின் எடையை அறியாதவருக்குச் சந்தையிலும் நஷ்டம் காத்திருக்கிறது. சர்க்கார் கொள்முதலில் சூம்பிய, உடைந்த மணிகள் 6 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. 2022-ல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அது 18 சதவீதம் வரை தளர்த்தப்பட்டது. இத்தகைய தளர்வு ஒவ்வொரு வருஷமும் கிடைக்கும் என்று எவரும் நம்பியிருக்க முடியாது.

எனினும், பலர் அறியாத அபாயம் காப்பீட்டில் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கோதுமைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம் செலுத்தும் விவசாயி, தம் வயல் பொய்த்தால் தமக்கு ஈடு கிடைக்கும் என்றே எண்ணுகிறார். திட்டமோ பெரும்பாலும் கிராமப் பஞ்சாயத்தின் சராசரியைத்தான் பார்க்கிறது. தமிழ்நாட்டு நெல் விவசாயிகள் நன்கறிந்த அதே சோதனை அறுவடை இங்கும் பஞ்சாயத்துக்குக் குலுக்கலில் தேர்ந்த நான்கு இடங்களிலேனும் நடைபெற்று, கிடைத்த சராசரி, சென்ற ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்தின் சராசரியைக் கொண்டு கணித்த வரம்புக்குக் கீழே போனால்தான் ஈடு உண்டு. 2023 முதல் கோதுமைக்குச் செயற்கைக்கோள் மதிப்பீட்டுக்கும் இதில் பங்கு தரப்பட்டிருக்கிறது. அண்டை வயல்கள் தப்பித் தம் வயல் மட்டும் அழிந்தவருக்கு, சராசரியைப் பார்க்கும் இந்த ஏற்பாடு அநியாயமாகவே முடிகிறது என்பது என் அபிப்பிராயம். ஆதலால் சோதனை அறுவடை நாளில் ஊரார் ஸ்தலத்தில் நின்று, குலுக்கலில் விழுந்த சர்வே எண் அதுதானா, அளவு சரிதானா, விளிம்புக் கதிர்கள் உள்ளே சேர்ந்தனவா, எடை எவ்வளவு என்பதையெல்லாம் கண்ணாரக் காண்பது அத்தியாவசியம்.

தனி வயலுக்கே ஈடு கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல், மேக வெடிப்பு, இடித் தீ ஆகியவற்றால் நஷ்டமானால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, வங்கிக்கோ, வேளாண் அதிகாரிக்கோ, 14447 என்ற எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் ஆலங்கட்டியாலோ, புயலாலோ, பருவம் தவறிய மழையாலோ கெட்டாலும் அவ்விதமே. வெப்பம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அறுவடைக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே பெருவாரியாகப் பயிர் கெட்டு, எதிர்பார்க்கும் மகசூல் வரம்பில் பாதிக்கும் கீழே போகுமென்று தெரிந்தால், உத்தேச ஈட்டில் 25 சதவீதம் வரை முன்பணம் வழங்க விதி இருக்கிறது. பயிரின் நிலையை அறுவடைக்கு முன்பே அறிந்து, தேதியுடன் படமெடுத்து, ஊராரோடு சேர்ந்து மனுச் செய்பவர்களுக்குத்தான் அந்த விதி பிரயோஜனப்படும்.

ஈடு மறுக்கப்பட்டால் மாவட்டக் குறைதீர்க் குழுவையும், அதற்கு மேல் மாநிலக் குழுவையும், நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். வங்கி பயிரின் பெயரையோ நிலத்தின் எண்ணையோ பிழையாகப் பதிந்து, அதனால் ஈடு தவறினால் பொறுப்பு வங்கியைச் சேரும். ஆகவே பிரீமியம் பிடித்த ரசீதை வாங்கிய தினமே, அதில் கோதுமை என்றிருக்கிறதா, சர்வே எண்ணும் பரப்பும் சரியா என்று எழுத்துக்கூட்டியாவது படித்துப் பார்த்துவிட வேண்டும்.