கழுத்துக்கு ஒரு கம்பளி வளையம்

தேஹு ரோட்டில் குடியேறிய நம்மவருக்கு முதல் மார்கழியே ஒரு பாடம். ஊர்ப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு போதும்; இங்கே அது போதாது. புனே வட்டாரத்தில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. 1935 ஜனவரியில் 1.7 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. விடியலில் கிடங்கு வேலைக்குப் புறப்படுவோரும், லோணாவளா வண்டிக்காக நிலைய மேடையில் நிற்போரும் கழுத்தை மூடாமல் இருக்க முடியாது. மப்ளரோ சிறுவர் கழுத்தில் நிற்பதில்லை. அவிழும், சைக்கிள் சக்கரத்தில் சிக்கும். முனையில்லாத கம்பளி வளையத்துக்கு அத்தொல்லை இல்லை. பின்னல் அறியாதவர் முதன்முதலாகப் பின்னத் தகுந்ததும் அதுவே.

வேண்டுவன: 8 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு ஊசிகள், இரு நிறங்களில் தடித்த கம்பளி நூல் 100 கிராம் வீதம். தடித்த நூல் கிடைக்காவிடில் மெல்லிய நூலை இரட்டையாகச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் சிறு துண்டு ஒன்றைப் பின்னி அளந்து பார்ப்போம். 10 சென்டிமீட்டரில் 11 கண்ணிகள் அடங்கினால், 22 சென்டிமீட்டர் அகலத்துக்கு 24 கண்ணிகள் ஏற்றவேண்டும். 13 அடங்கினால் 29. இந்த அரைமணி நேரத்தைச் சோம்பலால் மிச்சப்படுத்துவோர் பிறகு இரண்டு மாலைப்பொழுதுகளைப் பிரித்துக் கழிப்பார்கள்.

பின்னல் ஒரே வகைதான். வலது ஊசியை முதற்கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலைச் சுற்றி, கண்ணி வழியே முன்னே இழுத்து, பழைய கண்ணியை நழுவவிடுக. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கைமாற்றி மீண்டும் அவ்வாறே. திரும்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் போய்விட்டால் ஓரக்கண்ணி இரண்டாகத் தோன்றும். இரண்டையும் பின்னினால் துணி மெல்ல மெல்ல அகன்றுவிடும். புதியவர் கைவேலை பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

கோடுகள் உதவுவதும் இங்கேதான். நான்கு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றும்போதெல்லாம் கண்ணிகளை எண்ணுக. தவறு நேர்ந்திருந்தால் அது அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கும், பிரிப்பதும் அவ்வளவே. ஆகவே நமக்குக் கோடு அழகு மட்டுமன்று, கணக்குப்பிள்ளையுங்கூட. நிறத்தை எப்போதும் ஒரே ஓரத்தில் மாற்றினால் வெளிப்புறத்தில் கோடு துப்புரவாக விழும். நூலை வெட்ட வேண்டியதில்லை. ஓரத்தில் இரு நூல்களையும் ஒருமுறை முறுக்கி, இறுக்காமல் மேலே கொண்டுசெல்லலாம்.

34 கோடுகள் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர் நீளம் தரும். எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கட்டும்; ஒற்றைப்படையானால் ஒரே நிறம் அடுத்தடுத்து வந்து இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு கண்ணி பின்னி, முன்னதைப் பின்னதன் மேலாகத் தாண்டவிட்டு, இவ்வாறே தளர்வாக முடித்து, இரு முனைகளையும் பெரிய காதுள்ள ஊசியால் தைத்துவிட்டால் வளையம் ஆயிற்று. வெதுவெதுப்பான நீரில் அலசி, கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் விரித்து உலர்த்துக. மிஞ்சும் நூலில், சிறுவருக்கென 20 கண்ணியும் 28 கோடும் கொண்ட இன்னொன்றைத் தொடங்கலாம்.