ரயில் போன தடத்தில் நெருஞ்சி முள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிட்டிடாஸ் என்ற சிற்றூரைத் தாண்டிக் கிழக்கே போனால் நிழலுக்கு மரம் கிடையாது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைக் காஸ்கேட் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாத அரைப்பாலை அது. அதை ஊடுருவிப் போகிறது மில்வாக்கி ரோடு நிறுவனம் 1909-இல் முடித்த ரயில் பாதை. 1980-இல் கைவிடப்பட்ட அந்தப் பாதையில் இப்போது தண்டவாளம் இல்லை; சரளைதான். ‘பலூஸ் டு காஸ்கேட்ஸ்’ என்ற பெயரில் அது மாநிலப் பூங்காவுக்குச் சொந்தமான சைக்கிள் தடம். சியாட்டில் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் கிராவல் சைக்கிளோடு வார இறுதியில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

ரயில் ஏறும்படி போட்ட பாதை என்பதால் மேடு தெரியாது. ஆளை ஏமாற்றுவதே அதுதான். கிட்டிடாஸிலிருந்து கொலம்பியா ஆற்றின் பெவர்லி பாலம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழியில் குடிநீர் கிடையாது. மணலும் உதிரிச் சரளையும் சக்கரத்தை இழுக்கிற இடங்களில் மணிக்கு 12 கிலோமீட்டர் போவதே பெரிது. கோடை வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்தால், நான்கைந்து லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்பக் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் தவறு. உப்பும் உள்ளே போக வேண்டும். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ தடுமாறினாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வெப்பம் மூளையைத் தாக்கியிருக்கலாம். நனைத்து, விசிறி, உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். எல்லா இடத்திலும் செல்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஆகவே எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அங்கே சைக்கிள்காரர்கள் அதிகம் திட்டுவது ஒரு முள்ளை. நம் ஊர்த் தரிசில் காலில் குத்துகிற அதே நெருஞ்சிதான் அது. அந்த மாநிலத்தில் அது அயல்நாட்டிலிருந்து வந்த தீங்குக் களை. தடத்தின் ஓரமெல்லாம் படர்ந்து கிடக்கும். சாதாரண டியூப் போட்ட டயரை உருட்டி ஓரத்தில் நிறுத்தினாலே பஞ்சர் ஆகிவிடும். சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் டயர் தாங்கும். எதுவானாலும் மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பும் அங்கே உண்டு. கடித்தால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. இன்னோர் ஆபத்து மனிதன் விட்டுவைத்தது. தடத்தின் ஒரு பகுதி யகிமா ராணுவப் பயிற்சி நிலத்துக்குள் போகிறது. நுழையுமிடத்தில் பெயரைப் பதிய வேண்டும். தடத்தை விட்டு இறங்கவே கூடாது. வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் விழுந்து அடிபட்டால் யாரைக் கேட்பது? இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். பொதுமக்கள் பொழுதுபோக்குக்காக நிலத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட்டவர், வேண்டுமென்றே ஏற்படுத்தாத காயத்துக்குப் பொறுப்பல்ல என்கிறது வாஷிங்டன் சட்டம். அரசுக்கும் இந்தக் காப்பு உண்டு. சரிந்த பாறை, சக்கரம் புதையும் மணல், முள் எதற்கும் வழக்கு நிற்காது. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. ஆபத்து மனிதன் உண்டாக்கியதாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் இல்லாதிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் கேட்க முடியும். பாலத்தில் உளுத்த பலகை ஒன்று சரளைக்கடியில் மறைந்திருந்து, அது அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்து, எச்சரிக்கைப் பலகையும் இல்லையென்றால், அப்போது பேசலாம்.

மெர்சர் தீவில் சைக்கிள் பாதை நடுவே இருந்த மரக்கம்பத்தில் மோதி ஒரு பெண்ணின் உடல் செயலிழந்தது. அந்த வழக்கில் 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம், போக்குவரத்துக்கும் பயன்படும் பாதையைப் பொழுதுபோக்கு இடம் என்று சொல்லி நகராட்சி எளிதில் தப்பிக்க முடியாது என்றது. எனக்கு மிக நியாயமாகப் பட்ட தீர்ப்பு. ஆனால் வேலைக்குப் போகிறவர் யாரும் இல்லாத பாலைத் தடத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மாநில அரசிடம் இழப்பீடு கோருவதற்கு முதலில் அதற்கென உள்ள படிவத்தை அரசின் இடர் மேலாண்மை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதன்பின் 60 நாள் பொறுத்தே வழக்குத் தொடுக்கலாம். காயம்பட்ட வழக்குக்குக் காலக்கெடு 3 ஆண்டு. உங்கள் கவனக்குறைவும் ஒரு காரணம் என்றால் அந்த அளவுக்கு இழப்பீடு குறையும், முழுதாகப் பறிபோகாது.

பெரும்பாலான விபத்துகளில் கைகொடுப்பது மருத்துவக் காப்பீடுதான். சுற்றிப்பார்க்க வந்த பெற்றோரையோ நண்பரையோ கூட்டிப் போகிறவர்கள், அவர்களுடைய பயணக் காப்பீடு சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கிறதா என்று முந்தைய வாரமே பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

விழுந்துவிட்டால், நடமாட முடிகிறவர் யாராவது அந்த இடத்தைப் பல கோணங்களில் படமெடுக்கட்டும். பலகை இருந்ததா இல்லையா என்பது படத்தில் தெரிய வேண்டும். பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த ஹெல்மெட்டையும் வளைந்த சக்கரத்தையும் கடையில் கொடுத்துச் சரிசெய்யாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.