தாளில் வந்த விளையாட்டு

1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டு எழுதிய பையன்கள் இப்போது அறுபதை ஒட்டிய மனிதர்கள். கேட்டால் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பேட்டி, புத்தகம், ஆவணப்படம் என்று அவர்களுடைய நினைவுகள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. அவர்களைக் கொண்டாடியும் காய்ச்சியும் எழுதிய பத்திரிகை ஆசிரியர்களும் தங்கள் பங்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் காலத்துப் பத்திரிகை, டேப் ரெக்கார்டர் போல, கணினியோடு சேர்ந்த இன்னொரு பாகமாகவே வேலை செய்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். அவசரமில்லை, டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் அந்த இயந்திரம். 1981இல் இங்கிலாந்தில் கிளைவ் சிங்கிளேரின் நிறுவனம் விற்ற இசட்எக்ஸ் 81 கணினிக்கு விலை 70 பவுண்டுக்கு ஐந்து பென்னி குறைவு. உள்ளே இருந்த மெமரி ஒரு கிலோபைட். ஆங்கிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள் எழுதினால் அது நிரம்பிவிடும். ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் போச்சு. வைத்துக்கொள்ள வேண்டுமானால் வீட்டில் பாட்டு கேட்கும் டேப் ரெக்கார்டரை இணைத்து, கேசட்டில் கீச்சொலியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் விற்ற ஸ்பெக்ட்ரத்தில் 16 கிலோபைட், கூடுதல் விலைக்கு 48.

இந்த ஒரு கிலோபைட்டில் சதுரங்கம் ஆடவைத்தார் டேவிட் ஹார்ன் என்பவர். மொத்தப் புரோகிராமும் 672 பைட். ராஜாவும் யானையும் இடம் மாறும் கோட்டை கட்டுதல் கிடையாது, சிப்பாய் ராணியாவதும் கிடையாது. மற்றபடி அது எதிராளியாக உட்கார்ந்து நிஜமாகவே ஆடும். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை ‘யுவர் கம்ப்யூட்டர்’ பத்திரிகை அச்சிட்டது. வாசகர் அதைப் பார்த்து விரலால் தட்டி ஏற்றிக்கொண்டார்.

இந்தத் தட்டி ஏற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. கேசட் வாங்கக் காசு வேண்டும், பத்திரிகை மலிவு. பக்கம் பக்கமாகப் புரோகிராமை அச்சிட்டுவிட்டால் அதுவே சேமிப்புச் சாதனம். அமெரிக்காவில் டேவிட் ஆல் இதை 1973லேயே தொடங்கிவிட்டார்: பேசிக் மொழியில் எழுதிய 101 விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். மறு ஆண்டு ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ பத்திரிகையை ஆரம்பித்தார். அந்தத் தொகுப்பின் 1978 பதிப்புதான் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் கணினிப் புத்தகம் என்பார்கள்.

தட்டுவது லேசான வேலையா? பேசிக் வரிகளாக இருந்தால் பரவாயில்லை, ஓரளவு அர்த்தம் புரியும். வேகமாக ஓட வேண்டிய விளையாட்டுகளைச் சிப்பின் சொந்த மொழியில் எழுதியிருப்பார்கள். அது தாளில் வெறும் எண்களாக வரும்: 169, 0, 201 என்று வரிசை வரிசையாக. கமடோர் 64 கணினியில் 201 என்றால் ‘இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்’ என்று பொருள். கை தவறி 210 என்று அடித்துவிட்டால், அந்த எண் சிப்பை அப்படியே உறையவைத்துவிடும். எந்த விசையும் வேலை செய்யாது. அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. அணைத்தால் இரண்டு மணி நேரமாக அடித்ததெல்லாம் அதோடு போய்விடும், முன்னமே கேசட்டில் பதிந்திருந்தால் ஒழிய.

ஆசிரியர்களுக்கு வந்து குவிந்த கடிதங்களை நீங்களே ஊகிக்கலாம். ‘உங்கள் புரோகிராம் ஓடவில்லை.’ தவறு அச்சகத்திலா, வாசகரின் விரலிலா? இதற்கு அமெரிக்காவின் ‘கம்ப்யூட்!’ பத்திரிகை 1983இல் ஒரு வழி கண்டது. ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்துகளுக்கு கணினிக்குள் எண் உண்டு அல்லவா, அவற்றையெல்லாம் கூட்டித் திரையில் ஒரு சிறு எண்ணைக் காட்டும் துணைப் புரோகிராமை அச்சிட்டது. தாளில் அந்த வரியின் ஓரத்திலும் அதே எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த வரிக்குப் போகலாம். அழகான ஏற்பாடு. ஆனால் வெறும் கூட்டலில் ஓட்டை உண்டு: 201க்கும் 210க்கும் அதே மூன்று இலக்கங்கள்தான், கூட்டினால் ஒரே தொகைதான் வரும். பின்னால் வந்த பதிப்பில் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒரு பத்திரிகை அலுவலகம், வாசகரின் விரல் தடுமாறும் விதத்தை ஆராய்ந்து கணக்குப் போட்டிருக்கிறது பாருங்கள். பிழை திருத்துநர் வேலையின் உச்சம் என்றே இதைச் சொல்வேன்.

இனி இங்கிலாந்துக்கு. 1983இல் மேத்யூ ஸ்மித் என்ற பதின்ம வயதுப் பையன் ‘மேனிக் மைனர்’ எழுதினான். ஸ்பெக்ட்ரத்துக்கான விளையாட்டை அவன் எழுதியது வேறொரு கணினியில், டிஆர்எஸ்-80 என்ற அமெரிக்க இயந்திரத்தில். காரணம் எளியது: ஸ்பெக்ட்ரத்திலேயே எழுதினால், ஒரு பிழையில் எழுதும் கருவியும் எழுதியதும் சேர்ந்தே கவிழும். இன்னொரு கணினியில் எழுதி இதற்கு அனுப்பினால், கவிழ்ந்தாலும் மூலம் பத்திரம். இருபது குகைகள், ஓயாமல் பின்னணி இசை. அந்த இசைக்கென்று ஸ்பெக்ட்ரத்தில் தனிச் சிப் கிடையாது. பாத்திரங்களை நகர்த்தும் அதே சிப்தான் இடையிடையே ஓடிப்போய் ஒலிபெருக்கியையும் தட்டிவிட்டு வரவேண்டும்.

மறு ஆண்டு வந்த அவனுடைய ‘ஜெட் செட் வில்லி’யில் மச்சு அறை என்று ஓரிடம். அங்கே போய்வந்தால் வேறு சில அறைகள் நுழைந்த கணமே கொல்லும் பொறிகளாகிவிடும். அறை வழியே பறக்கும் அம்பு ஒன்று தவறான மெமரி முகவரியில் எழுதித் தொலைத்ததன் விளைவு அது. அறைகளில் விஷவாயு நிரம்பிவிட்டதாக வெளியீட்டாளர்கள் முதலில் சமாளித்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பிறகு திருத்தம் வந்தது, எண்களாக, பத்திரிகைப் பக்கங்களில். இன்று மென்பொருள் திருத்தம் இரவோடிரவாகத் தானே இறங்குகிறது. அன்று அது கடைக்கு வந்த இதழில் நாலு வரியாக இறங்கியது.

அந்த எண்களைப் ‘போக்’ என்பார்கள். மெமரியில் இன்ன முகவரியில் இன்ன எண்ணை வை என்று சொல்லும் பேசிக் கட்டளை அது. இதே விளையாட்டுக்குப் புகழ்பெற்ற ஒரு போக் உண்டு: முகவரி 35899, எண் 0. அந்த முகவரியில் இருந்தது ‘ஒரு உயிரைக் கழி’ என்ற ஒற்றைப் பைட் ஆணை. ஸ்பெக்ட்ரத்தின் சிப்புக்கு 0 என்றால் ‘சும்மா இரு’. ஆக, வில்லி எத்தனை முறை செத்தாலும் உயிர் குறையாது. ஏமாற்று வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் இதைத் தட்டிய பையன், விளையாட்டு என்பது மாற்றக்கூடிய எண்களின் வரிசை என்பதையும் போகிற போக்கில் தெரிந்துகொண்டான். பாடநூல் எழுதி இதைப் புரியவைத்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

போக்குகளையும் விமர்சனங்களையும் அள்ளிக் கொடுத்த பத்திரிகைகளில் ‘கிராஷ்’ தனி ரகம். ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் லட்லோ என்ற சிற்றூர். பழைய கோட்டை, சந்தை, அவ்வளவுதான். லண்டன் பத்திரிகை உலகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, அவருடைய சகோதரர் ஃபிராங்கோ ஆகிய மூவரும் அங்கே அஞ்சல்வழியாக விளையாட்டுக் கேசட் விற்றுக்கொண்டிருந்தவர்கள். விற்பனைப் பட்டியலாக இருந்தது வளர்ந்து 1984 பிப்ரவரியில் பத்திரிகையானது. ஆலிவர் ஃப்ரே படக்கதை ஓவியர். 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் புரட்டும் படக்கதைப் பக்கங்கள் அவர் வரைந்தவை. திரையில் நாலு கட்டங்களாகத் தெரியும் ஒரு ஜந்துவை அட்டைப்படத்தில் பல்லும் எச்சிலுமாக அவர் வரைந்துவிடுவார். விளையாட்டுக்குள் இல்லாததையெல்லாம் வாசகன் அந்த அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

இவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம், விமர்சனம் எழுத உள்ளூர்ப் பள்ளிப் பையன்களைக் கூப்பிட்டதுதான். ஒரே விளையாட்டைச் சில பையன்கள் ஆடுவார்கள், ஆளுக்கொரு கருத்து, கடைசியில் சதவீத மதிப்பெண். தொண்ணூறைத் தாண்டினால் ‘கிராஷ் ஸ்மாஷ்’ பட்டம். பெரியவர்களைக் காட்டிலும் பையன்களுக்குக் கூலி குறைவு என்ற கணக்கும் இதில் இல்லாமலிருக்காது. இருந்தாலும் முடிவு சரி. காசு கொடுத்து வாங்கப்போகிறவனின் வயசுக்காரனே தீர்ப்புச் சொல்கிறான். 1985இல் இதே நிறுவனம் கமடோர் கணினிக்கென ‘ஸாப்! 64’ தொடங்கியபோது, விமர்சகர்களின் முகங்களையும் ஃப்ரே வரைந்தார்: பிடித்தால் சிரித்த முகம், பிடிக்காவிட்டால் சுளித்த முகம். அதன் முதல் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன். அவர் சீக்கிரமே விலகிப்போய் ஃபியூச்சர் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். இன்று டெட் உரைகள் என்று பார்க்கிறோமே, அதை உலகமெங்கும் கொண்டுபோன ஆண்டர்சன் இவர்தான்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். யாருடைய சரக்கை விமர்சிக்கிறார்களோ அவர்களுடைய விளம்பரக் காசில்தான் பத்திரிகை நடந்தது. விளம்பரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லிவர்பூலின் இமேஜின் நிறுவனம் சாட்சி. ‘பாண்டர்ஸ்னாட்ச்’ என்ற மகா விளையாட்டு வருகிறது வருகிறது என்று பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தார்கள். வரவில்லை. 1984 ஜூலையில் நிறுவனமே கவிழ்ந்தது. அவர்களுடைய வெற்றிக் கதையைப் படம்பிடிக்க வந்திருந்த பிபிசி குழு, கடனுக்குச் சாமான்களை ஜப்தி செய்ய ஆள் வந்ததைப் படம்பிடித்துக்கொண்டு போனது.

அல்டிமேட் நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் இதற்கு நேர்எதிர். வாயே திறக்கமாட்டார்கள். பல ஆண்டு கழித்து 1988இல் ‘கிராஷ்’ பத்திரிகையிடம் பேசியபோது ஒரு விஷயத்தை அவிழ்த்தார்கள். 1984இன் கடைசியில் எல்லோரையும் வாய்பிளக்கவைத்த அவர்களுடைய ‘நைட் லோர்’, அதற்கு முந்தி வெளிவந்த ‘சேபர் வுல்ஃப்’ விளையாட்டுக்கு முன்பே தயாராகிவிட்டதாம். அதை முதலில் விட்டால் மற்றது விற்காது என்று வேண்டுமென்றே பூட்டிவைத்தார்களாம். படைப்பாளிகளின் நினைவுகளில் இத்தனை வியாபாரச் சாமர்த்தியம் வெளிப்படையாகக் கிடைப்பது அபூர்வம்.

‘எலைட்’ பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. விண்வெளியில் கிரகத்துக்குக் கிரகம் வியாபாரம் செய்ய வேண்டும். ஒரு பெரிய நிறுவனம், மூன்று உயிர் எங்கே, பத்து நிமிடத்தில் முடிய வேண்டாமா என்று திருப்பி அனுப்பியது. 1984 செப்டம்பரில் ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்டது. இயந்திரம் பிபிசி மைக்ரோ, 32 கிலோபைட். அதே 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே இயந்திரம்தான். திரைக்குப் போனது போக மிச்சமிருந்த இடத்தில் எட்டு அண்டங்கள், அண்டத்துக்கு 256 நட்சத்திரங்கள். மொத்தம் 2,048 பெயர்கள், விலைப்பட்டியல்கள், அரசாங்கங்கள். எங்கே வைப்பது?

வைக்கவில்லை. விதைநெல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்று எண்கள், மூன்றையும் கூட்டு, வருவது அடுத்த எண், கடைசி மூன்றை மறுபடி கூட்டு. சின்னதாகச் செய்து பார்க்கலாம்: 3, 7, 5 என்று தொடங்கிக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால், 5, 7, 7, 9, 3 என்று போய்க்கொண்டே இருக்கும். பார்க்கத் தாறுமாறு. ஆனால் எத்தனை தடவை தொடங்கினாலும் அதே வரிசை. அந்த எண்களைக் கொண்டு இரண்டிரண்டு எழுத்துத் துண்டுகளைக் கோத்தால் கிரகத்தின் பெயர். ஆங்கிலத்தில் LA, VE சேர்ந்து ஆட்டம் தொடங்கும் லேவ் கிரகம் கிடைத்தது இப்படித்தான். இதில் அண்டங்கள் கோடி கோடியாக முளைக்கும். அத்தனை வேண்டாம், போலி என்று தெரிந்துவிடும், எட்டோடு நிறுத்துங்கள் என்றது பதிப்பாளர் தரப்பு. நல்ல ஆசிரியர் செய்யும் வேலை அது. பொறுக்கிய அண்டங்களில் ஒன்றில் ஒரு கிரகத்தின் பெயர் தானாகவே கெட்ட வார்த்தையாக அமைந்துவிட்டது. ஒற்றைப் பெயரை மாற்ற இந்த முறையில் வழியில்லை. முழு அண்டத்தையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

இந்த நினைவுகளில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், பிற்காலப் பேட்டிகளைக் காட்டமாட்டேன். பல தடவை சொல்லிச் சொல்லி அவை மெருகேறிவிட்டன. 1985இல் ஆண்ட்ரூ பிரேபுரூக் என்பவர் ‘பாரட்ராய்ட்’ விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தபோதே அதைப் பற்றி டயரி எழுதினார். ‘ஸாப்! 64’ அதைத் தொடராக வெளியிட்டது. கலகம் செய்யும் ரோபோக்கள் நிரம்பிய கப்பல். நாம் 001 என்ற சோப்ளாங்கி. பலமான ரோபோக்களின் உடம்பில் ஏறிக்கொண்டே 999 வரை போகலாம். எல்லா ரோபோவுக்கும் ஒரே உருவம்தான். வித்தியாசம் மேலே எழுதிய மூன்றிலக்க எண்ணில் மட்டும். இடமும் மிச்சம், எதிரே வருவது எவ்வளவு ஆபத்து என்பதும் சட்டென்று தெரியும். இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கும் மனிதர், விளையாட்டு ஜெயிக்குமா என்று தெரியாத நிலையில் எழுதிய குறிப்புகள் அவை. பத்திரிகையை நடத்திய நிறுவனம் 1991இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த இதழ்களை ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல் படிக்கலாம். பாரட்ராய்டைக் கொஞ்சம் ஆடிப்பார்த்துவிட்டுப் படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.