நோய் பற்றிய செய்தி யாருக்கு உரியது?

“அவருக்கு என்ன நோய் என்று எங்களிடம் சொல்லுங்கள், அவரிடம் சொல்ல வேண்டாம்.” மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. அன்பினால் எழுவதுதான். ஆயினும், ஒருவருடைய நோய் பற்றிய செய்தி முதலில் யாருக்கு உரியது என்னும் கேள்வி அதனுள் அடங்கியுள்ளது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இக்கேள்வியை ஆராய்ந்துள்ளன.

அந்தரங்க உரிமை நம் அரசமைப்புச் சட்டத்தில் தனியொரு உரிமையாக எழுதப்படவில்லை. 1954, 1962 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளைச் சுட்டிக்காட்டி, அது அடிப்படை உரிமையன்று என மத்திய அரசு வாதிட்டது. ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவ்வாதத்தை மறுத்தனர். உயிருக்கும் தன்னுரிமைக்கும் உறுதியளிக்கும் 21-ஆவது பிரிவிலேயே அந்தரங்க உரிமையும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். எனினும் அது வரம்பற்ற உரிமையன்று என்றும் நீதிமன்றம் கூறியது.

அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதை மற்றொரு வழக்கு காட்டுகிறது. இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. செய்தி வெளியே சென்றதால் அவருடைய திருமணம் நின்றது. அவர் கோரிய இழப்பீட்டை 1998-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மணமகளாகவிருந்த பெண்ணின் நலத்தைக் காப்பதும் அவசியம் என்பது அதன் கருத்து.

2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதனை முறைப்படுத்தியது. பொதுவாக, தொற்றுள்ளவரின் விவரமறிந்த ஒப்புதலின்றி எவரிடமும் அவரது நிலையை வெளியிடலாகாது. வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து இருந்தால் ஒரு வழி உண்டு. தாமே துணையிடம் சொல்லும்படி நோயாளிக்கு முதலில் ஆலோசனை வழங்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது தெளிவானால், தாம் சொல்லப்போவதை அவரிடம் அறிவித்த பின்னரே மருத்துவர் துணையிடம் நேரில் தெரிவிக்கலாம். செய்தி வெளிப்பட்டால் ஒரு பெண் வன்முறைக்கு ஆளாகக்கூடும் என்ற நிலையையும் சட்டம் கருத்தில் கொண்டுள்ளது.

18 வயது நிரம்பாத பெண் கருவுற்றால், போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தெரிவிப்பது கட்டாயம். பெயர் வெளிப்படுமே என்ற அச்சத்தால் சிலர் தகுதியற்றவர்களிடம் கருக்கலைப்புக்குச் சென்று உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளக்கூடும். அப்பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அத்தகவலில் பெயரையும் பிற அடையாளங்களையும் குறிப்பிட வேண்டியதில்லை என 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

காசநோய் போன்ற சில நோய்களை அரசுக்கு அறிவிப்பது எங்கள் கடமை. அது சிகிச்சைக்காகவும் பிறரைக் காப்பதற்காகவுமே. அண்டை வீட்டாருக்கோ பணியிடத்துக்கோ சொல்வதற்காக அன்று. மேலும், 2002 ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவருடைய மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். தம் உடலைப் பற்றி எழுதப்பட்டதை அறிவது அவர் உரிமை.

சொன்னது வெளியே போய்விடும் என்று அஞ்சும் நோயாளி, தம் குடிப்பழக்கத்தையோ பழைய தொற்றையோ மறைப்பார். மறைக்கப்பட்ட ஒரு விவரத்தால் மருந்தே தவறிப்போகலாம். இரகசியம் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். உங்கள் நோய் குறித்து யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்பதைச் சேர்க்கையின்போதே மருத்துவரிடம் கூறுங்கள். தனியாகப் பேச விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். குடும்பத்தினர், பரிசோதனை அறிக்கைகளை வாட்ஸ்அப் குழுக்களில் பகிருமுன் நோயாளியின் சம்மதத்தைப் பெறுங்கள். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். முழுவதையும் அறிய விரும்புவோரும் உண்டு. மகளிடம் சொல்லுங்கள், போதும் என்போரும் உண்டு. இரண்டும் அவர் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.