தலையைத் தூக்கினால் கால் மூழ்கும்!



கிணற்றில் நீச்சல் பழகும்போது நாம் என்ன செய்வோம்? மூக்குல தண்ணி ஏறிடுமோன்னு பயந்து, ஆமை மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு கை கால் அடிப்போம். நானும் அப்படித்தான். நாலு சுற்று வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். "நீச்சல் உடம்புக்கு நல்லதாச்சே, எனக்கு மட்டும் ஏன் வலிக்குது?" என்று யோசித்தேன். இதற்கான பதில் ஒரு மேடைக் கலைஞரின் தொண்டையில் தொடங்குகிறது!

எஃப்.எம்.அலெக்சாண்டர் 1869-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்தவர். நாடக வசனங்களை மேடையில் பேசுவது அவர் தொழில். அடிக்கடி குரல் கம்மிப்போனது. ஓய்வெடுத்தால் சரியாகும், மேடை ஏறினால் பழைய கதைதான். கண்ணாடி முன் நின்று தன்னையே கவனித்தார். வாய் திறக்கும்போதே தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தை இறுக்குவது தெரிந்தது. அந்தப் பழக்கத்தை விட்டார், குரல் திரும்பியது! 1904-ல் லண்டன் போய் இதையே பலருக்கும் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் மாணவரின் கழுத்து, முதுகில் மெல்லக் கை வைத்து, எங்கே இறுக்குகிறோம் என்று உணர்த்துவார். முதுகுவலி உள்ள 579 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. 24 பாடங்கள் கற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் வலி குறைவாகவே இருந்ததாம்.

சரி, இதற்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் ஸ்டீவன் ஷா என்ற நீச்சல் வீரர் இந்த முறையைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். 1996-ல் புத்தகமும் வந்தது.

விஷயம் ரொம்ப சுலபம். நம் தலை சுமார் 5 கிலோ. நெஞ்சில் காற்று இருப்பதால் அது மிதக்கும். ஏற்றப்பலகை மாதிரி, தலை மேலே போனால் கால் கீழே போகும். உடம்பு சாய்ந்ததும் தண்ணீர் தடுக்கும். அதை எதிர்த்து வேகமாக அடிப்போம், மூச்சு வாங்கும். அதனால் இங்கே முதல் பாடம் வேகம் இல்லை. ஆழமில்லாத இடத்தில் ஆசிரியர் தலையைத் தாங்கிப் பிடிப்பார். முகத்தைத் தண்ணீரில் வைத்து மெதுவாக மூச்சை வெளியே விடணும். அடக்கக் கூடாது. கழுத்து இறுகினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கணும்.

சித்தப்பா என் பின்னந்தலையைத் தாங்க, மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் பயம்தான், அவர் கையையே பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கழுத்தைத் தளர்த்தினேன். கால் தானா மேலே வந்துடுச்சு! பயம் முழுசா போகலை, ஆனால் கழுத்துவலி குறைஞ்சிருக்கு.

ஒன்று முக்கியம்: நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள். தீராத வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்தத் தாளைப் படிக்கும்போது உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? கொஞ்சம் தளர்த்துங்களேன்!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்